நடுவிலே இருந்த நட்சத்திரம்

நட்சத்திரம் இருக்கிறது. அது எங்கேயும் போகவில்லை. இதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் போதவில்லை, காலையில் அடுப்படியில் நின்றபடியே புத்தி ஏற்றுக்கொண்டுவிட்டது, மனசுதான் இன்னும் ஏற்கவில்லை. இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். எரிகிறது. கண்ணை மூடிக்கிட்டே இருங்க, நான் வந்து சொல்லுத வரைக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு பஞ்சைத் திணித்துவிட்டு, நர்ஸ் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். இந்தக் கண்ணாஸ்பத்திரியின் நடையில் சுவரை ஒட்டி வரிசையாக நாற்காலிகள், வரிசையாகக் கண்ணை மூடிய மனுஷர்கள், மூடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்தேன், எல்லோரும் ஏதோ கெட்ட செய்தி கேட்டுவிட்டு அப்படியே உறைந்துபோனவர்கள் மாதிரி தெரிந்தார்கள். இப்போது நானும் அதில் ஒருத்தி. கண்மணி விரிய வேண்டும், அப்போதுதான் உள்ளே பார்க்க முடியும் என்றாள். எனக்கா தெரியாது. முப்பது வருஷமாகக் கண்மணியை விரிய வைப்பதுதானே என் வேலை. சம்பளம் வாங்கும் வேலை கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருவது. வாங்காத வேலை இது. தூத்துக்குடிக்கு வெளியே உப்பளத்து வரப்பில் ஜமுக்காளத்தை விரித்து, டெலஸ்கோப்பை நிறுத்தி, டார்ச் அடிக்காமல், செல்போனைத் திறக்காமல், சும்மா இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகத் திறந்துகொள்ளும், முதலில் தெரியாததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அங்கே காத்திருப்பது வருவதற்காக. இங்கே காத்திருப்பது போனது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. பஞ்சு நனைந்துவிட்டது, அது மருந்தா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அழவில்லை. உலகம்மை அழுவாளா, உலகம்மையைக் கண்ணாத்தா என்றல்லவா கூப்பிடுவார்கள். வானம் பார்க்கும் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான், கோவில்பட்டியிலிருந்து வரும் குருபரன் வைத்த பெயர், பள்ளிக்கூட வாத்தியார், என்னைவிடப் பத்து வயசு சின்னவர், முகத்துக்கு நேரே மேடம் என்பார், முதுகுக்குப் பின்னால் கண்ணாத்தா. எனக்கு அது உள்ளூரப் பெருமை. இரண்டு நட்சத்திரத்தில் எது பிரகாசம் என்று மற்றவர்கள் தலையைச் சொறியும்போது நான் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன், பிறகு கேமராவில் பிடித்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். கண்ணாத்தா சொல்லியாச்சு, இனி அப்பீல் இல்லை என்பார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு மாடியிலிருந்து அந்த நெபுலாவைப் பார்த்தேன். வடக்கே சிக்னஸ் என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிற வாயு மேகம் அது. கிழட்டு நட்சத்திரம் ஒன்று தன் மேல்தோலையெல்லாம் ஊதி வெளியே தள்ளிவிட்டு, உள்ளே இருந்த சூடான கரு மட்டும் மிஞ்சி, சுற்றிலும் அந்த வாயு வட்டமாகப் பச்சை கலந்த நீலத்தில் மினுங்கும். வெடிப்பு, ரகளை எதுவும் கிடையாது, சாந்தமாக உதிர்த்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும். நம் சூரியனுக்கும் கடைசியில் அதுதான் கதி என்று மாணவிகளிடம் சொல்லும்போது எவளாவது ஒருத்தி அய்யோ என்பாள். நடுவிலிருக்கும் அந்தக் கருதான் மைய விண்மீன். அதன் ஒளி பட்டுத்தான் வட்டமே ஒளிர்கிறது, அது இல்லையென்றால் வட்டம் இல்லை. இந்த நெபுலாவுக்கு ஒரு குசும்பு உண்டு. நேராகப் பார்த்தால் நட்சத்திரம் மட்டும் தெரியும், வட்டம் ஓடி ஒளிந்துகொள்ளும். பார்வையைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்தினால் வட்டம் பொங்கிக்கொண்டு வந்து நட்சத்திரத்தை முழுங்கிவிடும். நேரே, ஓரம், நேரே, ஓரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் கண் சிமிட்டுவது போலிருக்கும். அந்தக் குசும்பு வானத்தில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது, கண்ணின் நடுவிடம் மங்கல் வெளிச்சத்துக்குக் குருடு, ஓரம்தான் கெட்டி என்று நானே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். விளக்கியிருக்கிறேன். என் வாயாலேயே. அன்றைக்கு நேராகப் பார்த்தேன், நட்சத்திரம் இல்லை. ஓரத்தில் பார்த்தேன், வட்டம் இருந்தது. மறுபடி நேராக. இல்லை. லென்ஸைத் துடைத்தேன், மாற்றினேன், அடுத்த நாள் பார்த்தேன், அதற்கடுத்த நாளும். வட்டம் இருக்கிறது, நடு காலி. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. கண் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து மாடியில் நின்று துள்ளியிருக்கிறேன்.

யாருக்கு வரும் இந்தப் பைத்தியக்காரத்தனம். வேறு எந்தப் பொம்பளையாக இருந்தாலும், ஒன்று தெரியவில்லையென்றால் எனக்குக் கண் சரியில்லை போலிருக்கு என்றுதான் முதலில் சொல்லியிருப்பாள், ஊசியில் நூல் கோக்க முடியவில்லையென்றால் ஊசிக்குக் காது தூர்ந்துபோய்விட்டது என்றா சொல்வார்கள். நான் நட்சத்திரம் அணைந்துவிட்டது என்றேன். தூசி மேகம் ஏதாவது வந்து மறைத்திருக்கும், அப்படி நடப்பதுண்டு என்று காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன். குழுவில் எல்லோருக்கும் செய்தி போட்டேன், மைய விண்மீன் காணவில்லை, உடனே பாருங்கள் என்று. பார்த்தார்கள். இருக்கே மேடம் என்றார்கள், ஒருவர், இரண்டு பேர், அப்புறம் எல்லோரும். விட்டேனா. உங்கள் டெலஸ்கோப் சரியில்லை, பக்கத்திலிருக்கும் வேறு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள், வட்டத்தின் நடுப்பகுதி பளிச்சென்றிருப்பதை நட்சத்திரம் என்கிறீர்கள். உப்பளத்துக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்லும் பாடம் ஒன்றுதான், கண்ணில் பட்டதைச் சொல், தெரிந்ததைச் சொல்லாதே. அதையே திருப்பி அவர்கள்மேல் வீசினேன், நீங்களெல்லாம் அங்கே நட்சத்திரம் இருக்கும் என்று தெரிந்ததால் இருக்கிறது என்கிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்லுகிறேன் என்று. குருபரன் நேற்று மேகம் விலகியதும் கேமராவை வைத்து எடுத்து இன்று காலையில் அனுப்பிவிட்டார். அடுப்பில் பால். கையில் செல்போன். படத்தைத் திறந்தேன், வட்டம் அழகாக வந்திருந்தது, நடுவில் நெற்றிப்பொட்டு வைத்த மாதிரி நட்சத்திரம். சரிதான், திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது என்று அப்போதும் நினைத்தேன், அப்போதும். அப்புறம் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, முப்பது வருஷப் பழக்கம், டெலஸ்கோப்பில் எப்போதும் வலது கண்ணால்தான் பார்ப்பேன், இடது கண்ணை மூடினேன். பொட்டு அழிந்தது. வட்டம் இருக்கிறது. திறந்தேன், இருக்கிறது. மூடினேன், இல்லை. திறந்தேன். மூடினேன். செல்போனுக்குள் இருக்கும் படத்தில் தூசி மேகம் எப்படி வரும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, கருகும் வாசனை வந்து, உள்ளேயிருந்து வீட்டுக்காரர், என்ன உலகு, தீஞ்ச வாடை வருது என்று குரல் கொடுத்த பிறகும் நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலண்டர் இருந்தது. தேதி இல்லை.

"டீச்சர், ஒங்க போன் அடிச்சுக்கிட்டே கெடக்கு பாருங்க" என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. பெரிய மனுஷி குரல். வந்து உட்கார்ந்ததுமே விசாரணையை முடித்துவிட்டார், பேர் மிக்கேலம்மா, கடற்கரைத் தெரு, கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டிருக்கிறார்கள், இன்னொரு கண் சும்மா இருக்கிறது, அதனால் ஊர் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் டீச்சர் என்று அவரே முடிவு செய்துகொண்டார், எப்படி என்று கேட்டதற்கு மொகத்துலயே எழுதியிருக்கே என்றார். இந்த மருந்தோடு திறந்தால் எனக்கு எழுத்து தெரியாது, தெரிந்தாலும் பார்க்கத் தைரியமில்லை, என்ன வந்திருக்கிறது என்று வாசியுங்கள் அக்கா என்று போனைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தார். குருபரன் சார் போட்டிருக்காரு, மேடம் படம் பாத்தீங்களா, நட்சத்திரம் இருக்கு, கோவிச்சுக்காதீங்க. வேற ஒருத்தரு, கண்ணாத்தா அப்பீல் பண்ணலாம்னு போட்டு ஒரு பொம்மை சிரிக்கு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரிச் சிரிக்கு. வாசித்து நிறுத்திவிட்டு, வீட்டில் பொண்ணுக்கு வரன் பாக்கீங்களா, நட்சத்திரம் பொருந்தலையா என்று கேட்டார். சிரிப்பு வந்தது எனக்கு, இந்த நேரத்திலும் வந்தது, ஆமாம் அக்கா, பொருந்தவில்லை என்றேன். பொருந்தாட்டி விட்டுருங்க, ஒண்ணு போனா ஒண்ணு வரும் என்று ஆறுதல் சொன்னார். கண்ணில் அது நடக்குமா அக்கா என்று கேட்கவில்லை. நர்ஸ் வந்து இமையைத் தூக்கி மறுபடியும் சொட்டு விட்டாள், கூட யாரு வந்திருக்கா என்றாள். யாரும் இல்லை என்றதும் அவளுக்குக் கோபம், இந்தக் கண்ணோட ரோட்டுல எப்படிப் போவீங்க, ஆளை வரச் சொல்லுங்க, வந்தாத்தான் அனுப்புவோம். மிக்கேலம்மாவே நம்பரைத் தேடி வீட்டுக்காரருக்குப் போட்டுக் கொடுத்தார். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இஞ்சினியர், பெயர் ஆறுமுகநயினார், பின்னால் இரைச்சல் காதைப் பிளந்தது. காலேஜ்ல இருக்கேன்னு நெனச்சேன் என்றார். லீவு போட்டுவிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்தேன் என்றேன். கண்ணாடி மாத்தவா என்றார். ஆமாம் என்றேன். ஒரு மணி நேரம் ஆகும், கையில ஒரு வேலை கெடக்கு, முடிச்சிட்டு வாரேன் என்றார். ஆமாம் என்று ஏன் சொன்னேன். இன்றைக்கு இரண்டாவது பொய்.

முதல் பொய்யை நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினைப்போம். இந்த மருந்து வாசனை, பினாயில் வாசனை, எங்கோ ஒரு குழந்தை மருந்துக்கு வீறிடுகிறது. நிலைக்கதவை நினைக்கக் கூடாது. போன வாரம் மாடிப்படிக்குக் கீழே புதுக் கதவு நிலை வைத்தார்கள், பழையது கரையான் அரித்துவிட்டது, ஆசாரி வந்து வைத்துவிட்டுப் போனதும் நான் பார்த்தேன், நட்டநடுவில் உள்ளே வளைந்திருந்தது, மெல்லிசாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியும் ஆள் போல. ஆசாரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுக் காட்டினார், மட்டப்பலகையை வைத்துக் காட்டினார், நூலே வளைந்துதான் தெரிந்தது எனக்கு, உன் நூலே சரியில்லை என்றேன். நூல் எப்படி வளையும். கல்லைக் கட்டித் தொங்கவிட்ட நூல் வளையுமா, புவியீர்ப்பை மூன்று தலைமுறை மாணவிகளுக்கு நடத்தியவள் கேட்கிற கேள்வியா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆசாரி சாமானைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதை நினைக்கக் கூடாது, ஏனென்றால் அன்றைக்கு நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தது. வலது கண்ணின் நடுவிடம் போய்விட்டது, சரி, போனதால் காலண்டரில் தேதி தெரியவில்லை, பொட்டு தெரியவில்லை, ஆனால் இரண்டு கண்ணையும் திறந்தால் இடது கண் ஈடுகட்டுகிறது, அதனால்தான் இத்தனை நாளும் தெரியவில்லை, புத்தகம் வாசிக்கிறேன், பரீட்சைத் தாள் திருத்துகிறேன், எல்லாம் இடது கண் புண்ணியத்தில். அப்படியானால் நிலைக்கதவை வளைத்தது யார். வலது கண்ணுக்குத்தான் நடுவே கிடையாதே. இங்கேதான் வந்து முட்டுகிறது. எங்கே சுற்றினாலும் இங்கேயே வந்து முட்டுகிறது. மருந்து விடுவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு அட்டையைக் கொடுத்தாள், கணக்கு நோட்டு மாதிரிக் கட்டம் போட்ட அட்டை, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள் என்றாள். நடுவில் சாம்பலை அப்பிய மாதிரி இருக்கிறது, புள்ளி இல்லை என்றேன். எழுதிக்கொண்டாள். இப்போ வலது கண்ணப் பொத்திக்கிட்டுப் பாருங்க, கோடெல்லாம் நேரா இருக்கா. புள்ளி இருந்தது. அப்பாடா என்றிருந்தது. புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு கோடு லேசாக உள்வாங்கியிருந்தது, நிலைக்கதவு மாதிரி. நேரா இருக்கு என்றேன். நிஜமா என்றாள். நேராத்தான் இருக்கு என்றேன். அப்போ வலது கண்ணுக்கு மட்டும் ஸ்கேன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள், ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, வலதுக்கு மட்டும்.

ஏன் சொன்னேன். அட்டையில் கோடு நேராகத்தான் போட்டிருப்பார்கள், அது எனக்குத் தெரியும், தெரிந்ததைச் சொன்னேன். ஊரையே மூன்று வாரமாகப் பார்த்ததைச் சொல், தெரிந்ததைச் சொல்லாதே என்று வறுத்தெடுத்தவள், சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் தெரிந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பயம். வேறென்ன. வளைந்திருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டால் அது வளைந்துவிடும், சொல்லாத வரைக்கும் அட்டையின் தப்பு, அச்சடித்தவன் தப்பு, ஆசாரியின் தப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அதுவும் கண்ணாஸ்பத்திரியில். இடது கண்ணும் போனால் என்ன. குருடு என்று சொல்ல மாட்டார்கள், ஓரமெல்லாம் தெரியும், தட்டு தெரியும் சோறு தெரியாது, புத்தகம் தெரியும் எழுத்து தெரியாது, வகுப்பில் வரிசையாகச் சுடிதார்கள் தெரியும் ஒருத்திக்கும் முகம் இருக்காது. கரும்பலகையில் நான் எழுதுவது எனக்கே தெரியாது. சிக்கனமாக எல்லாவற்றையும் வட்டமாக மட்டும் விட்டுவைத்து, நடுவை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளும் ஒரு திருடன். இன்னொன்றும் உறைக்கிறது, இதுதான் ரொம்பக் கேவலமாக இருக்கிறது, எனக்கு ஏன் சீக்கிரம் தெரியவில்லை. மற்றவர்களுக்கு ஓரக்கண்ணால் பார்க்கத் தெரியாது, நேராகப் பார்த்து, இல்லையென்றால் பதறி டாக்டரிடம் ஓடுவார்கள். நான் முப்பது வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்தே பழகியவள், மங்கலானது எதையும் நேராகப் பார்க்கவே மாட்டேன், பக்கத்தில் பார்த்துத்தான் பிடிப்பேன், அதனால் நடு செத்துப்போனது எனக்கு மட்டும் தெரியாமல் போனது. கெட்டிக்காரத்தனமே காலை வாரியது. அவர் கேலி செய்வார், மாடியில் டெலஸ்கோப்பை நான் வெளியே எடுத்தாலே, என் சக்களத்தனை எறக்கியாச்சா, இனி நான் எதுக்கு, கீழ போறேன் என்பார், ஆனாலும் போக மாட்டார், துண்டை விரித்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கிரேன் கதை சொல்லுவார். அவருக்கு எப்படிச் சொல்வது. கண்ணாடி மாற்ற வந்தேன் என்று நினைத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவரே சொல்லுவார், அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி இருக்கும். இல்லை, இதற்குச் சொல்ல மாட்டார். இதற்கு வாயடைத்துப்போவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நேரா இருக்கு. நேரா இருக்கு. டாக்டர் கேட்டாலும் நேரா இருக்கு என்று சொல்லிவிட்டு, வலதுக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சாத்திக்கொண்டு என்ன செய்வேன்.

உலகம்மை என்று நர்ஸ் கூப்பிட்டாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வெளிச்சம் முள்ளாகக் குத்தியது. டாக்டரம்மா சின்ன வயசு, ஜலதோஷம் பிடித்த குரல், தாடையை இங்கே வையுங்கள், நேரே பாருங்கள், மேலே, கீழே என்று கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டார். வலது கண்ணின் விழித்திரையில் நட்டநடுவில் ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது, இனி அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை, பயப்படாதீர்கள், ஓரப் பார்வை போகாது என்றார். எப்போதிலிருந்து இருக்கும் என்று கேட்டேன். தழும்பைப் பார்த்தால் ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும் என்றார். ஒரு வருஷத்துக்கு மேல். போன வருஷம் இதே புரட்டாசியில் இதே மாடியிலிருந்து இதே நெபுலாவைப் பார்த்தேன். மைய விண்மீன் வழக்கம்போல் இருக்கிறது, மாற்றமில்லை என்று குழுவில் சொன்னேன். அப்போது நான் எதைப் பார்த்தேன். டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை, இல்லாத கண்ணால் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தேன் என்று மனமறிந்து பொய்யில்லாமல் சொல்லியிருக்கிறேன், தெரிந்ததை அல்லவா பார்த்திருக்கிறேன், அப்படியானால் இத்தனை வருஷத்தில் எத்தனை, எவை எவை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இடது கண்ணு நல்லாருக்குன்னு எழுதியிருக்கு, கட்டம் நேராத் தெரிஞ்சுதுல்ல என்று டாக்டர் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

"வளைஞ்சிருந்துச்சு டாக்டர்" என்றேன். "நான் நேரா இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார், நர்ஸைக் கூப்பிட்டார், இடது கண்ணுக்கு உடனே ஸ்கேன் என்றார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, இருட்டறை, இயந்திரம், பச்சைக் கோடு ஒன்று, அசையாதீர்கள், மறுபடி டாக்டர் அறை. இடது கண்ணிலும் கசிவு ஆரம்பித்துவிட்டது, ஆனால் ஆரம்பம்தான், புதுசு. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், இன்றைக்கே போட்டால் நல்லது, அப்புறம் மாதம் ஒன்று, விடாமல் வர வேண்டும், பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்றார். பெரும்பாலும் என்ற வார்த்தையை அவர் அவசரமில்லாமல் சொன்னார். பொய்யை அப்படியே விட்டிருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன், அவரே சொல்லிவிட்டார், "இதுவும் தழும்பான பெறகு வந்திருப்பீங்க. நெறையப் பேரு அப்படித்தான் வாராங்க. ஒரு கண்ணு போனது தெரியாமலே இருந்துட்டு, ரெண்டாவது போன பெறகு. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" ஒரு நட்சத்திரம் காணாமல் போனது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, புரிந்தது போலத் தலையாட்டினார். கையெழுத்துக்குச் சாட்சி வேண்டும் என்றபோது வீட்டுக்காரர் இன்னும் வந்து சேரவில்லை, மிக்கேலம்மா எழுந்து வந்து, குடும்பத்தாளுதான், எந்தங்கச்சிதான் என்று நர்ஸிடம் அடித்துச் சொல்லிவிட்டு, பெரிய பெரிய எழுத்தாகப் போட்டார். ஊசி வலிக்கவில்லை. ஊசி வருவது தெரிந்ததுதான் கொடுமை. முடிந்ததும் இடது கண்ணை மூடிப் பஞ்சு வைத்துக் கட்டினார்கள், சாயங்காலம் வரைக்கும் பிரிக்கக் கூடாது, அதுவரை வலது கண்ணை வைத்துக்கொண்டு சமாளியுங்கள் என்றார்கள்.

வலது கண்ணை வைத்துக்கொண்டு நடையில் வந்து உட்கார்ந்தேன். நாற்காலிகள் தெரிந்தன, ஜன்னல் தெரிந்தது, ஜன்னலை நேராகப் பார்த்தால் ஜன்னல் இல்லை. மிக்கேலம்மாவை அப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறேன், நீலச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, மேலே அட்டையில் பார்த்த அதே சாம்பல். அவர் என் கையைத் தடவிக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் ஒரு உருவம் வேகமாக நுழைந்து நின்றது. காக்கிச் சட்டை, பையில் இரண்டு பேனா, முழங்கை வரை மடித்துவிட்ட கை, கையில் கிரீஸ் கறை, இரண்டு காது, நரைத்த கிருதா. முகம் இல்லை. முப்பத்தோரு வருஷம் பார்த்த முகம், காலையில் பார்த்த முகம், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, நான் நேராகப் பார்க்கப் பார்க்க இன்னும் சுத்தமாக இல்லை. கத்திவிடுவேன் போலிருந்தது. அவர் கிட்டே வந்தார். கண்ணாடி மாத்தன்னுதான சொன்ன, இது என்ன கட்டு என்று கேட்டார், குரல் உடைந்திருந்தது. பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினேன், அவர் தோளுக்கு அந்தப் பக்கம், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்தேன். மெல்ல மெல்ல வந்தது. மங்கலாக, ஓரத்தில், மீசை, மூக்கு, பயந்துபோன இரண்டு கண். அசையாமல் அந்த உருளையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அசைந்தால் போய்விடும்.

"எங்க பாக்க உலகு?" என்றார். "நான் இங்கல்லா நிக்கேன்."

"ஒங்களத்தான் பாக்கேன்" என்றேன்.